இரண்டு அட்டை, ஒரே மருந்து

மூணாறு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவருக்கு வயது ஐம்பது. இரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று உள்ளூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாத்திரை கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் அவர் போடிநாயக்கனூருக்கு, மகள் வீட்டுக்குப் போனார். அங்கே வேறொரு டாக்டரைப் பார்த்தார். பழைய மாத்திரையைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. அவரும் ஒரு மாத்திரை எழுதினார். ஊர் திரும்பியதும் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டார். சில வாரங்களில் இரண்டு தொடைகளும் வலித்தன. படி ஏற முடியவில்லை.

நர்ஸ் இரண்டு மாத்திரை அட்டைகளையும் வாங்கிப் பார்த்தார்.

“அக்கா, கம்பெனிப் பேர்தான் வேறே. மருந்து ரெண்டும் ஒண்ணுதான்!” என்றார்.

எல்லைப் பகுதியில் இப்படி எளிதில் நடந்துவிடும். மறையூர் மக்கள் உடுமலைப்பேட்டைக்குப் போகிறார்கள். குமுளி மக்கள் கம்பத்துக்குப் போகிறார்கள். பாலக்காடு மாவட்டத்தின் கோபாலபுரம், மீனாட்சிபுரம் மக்கள் பொள்ளாச்சிக்குப் போகிறார்கள். இரண்டு ஊர், இரண்டு டாக்டர், இரண்டு சீட்டு. ஆனால் உடம்பு ஒன்றுதான்.

கொழுப்பு கெட்டதா?

கொலஸ்ட்ரால் என்பது ஒரு வகைக் கொழுப்பு. அது நமது உடலுக்குத் தேவை. அதன் பெரும் பகுதியை உடலே தயாரிக்கிறது. கல்லீரலுக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு.

அளவு மிஞ்சினால்தான் ஆபத்து. வாய்க்காலில் வண்டல் படிந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகாது. அதுபோல, மிஞ்சிய கொழுப்பு இரத்தக் குழாயின் சுவரில் படிகிறது. அந்தப் படிவு ஒருநாள் உடையலாம். அங்கே இரத்தம் உறைந்து குழாய் அடைபடலாம். இதயத்தில் அடைத்தால் மாரடைப்பு. மூளையில் அடைத்தால் பக்கவாதம். அதுவரை வலி எதுவும் தெரியாமல் இருக்கலாம். இரத்தப் பரிசோதனையில்தான் அளவு தெரியும்.

மாத்திரை என்ன செய்கிறது?

இந்த மாத்திரைகளுக்கு ஸ்டாடின் என்று பெயர். அட்டோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் ஆகியவை இந்த வகை. கல்லீரல் கொழுப்பைத் தயாரிப்பதை இவை குறைக்கின்றன. அப்போது கல்லீரல் தனக்கு வேண்டிய கொழுப்பை இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் கெட்ட கொழுப்பு குறைகிறது.

ஜப்பான் நாட்டு அறிஞர் அகிரா எண்டோ சுமார் 6,000 வகைப் பூஞ்சைகளைச் சோதித்தார். 1973இல், அரிசியில் வளர்ந்த ஒரு பூஞ்சையில் இத்தகைய மருந்தை முதலில் கண்டுபிடித்தார்.

மருந்துக்குப் பலன் உண்டா? வட ஐரோப்பாவில் 4,444 இதய நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து கொடுத்தார்கள். மறு பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்தார்கள். முடிவு 1994இல் வந்தது. சுமார் 5 ஆண்டுகளில், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 256 பேர் இறந்திருந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 182 பேர் இறந்திருந்தார்கள்.

எதைக் கவனிக்க வேண்டும்?

பெரும்பாலோருக்கு இந்த மாத்திரையால் தொல்லை இல்லை. சிலருக்குத் தசை வலி வரும். மலையில் ஏறி இறங்கி வேலை செய்பவர்களுக்குக் கால்வலி புதிதல்ல. ஆனால் காரணம் இல்லாமல் இரண்டு பக்கமும் வலித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வலியோடு சிறுநீர் கறுத்துப் போனாலோ, கண் மஞ்சளானாலோ காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இது அபூர்வம்தான். ஆனால் அளவு கூடினால் ஆபத்தும் கூடும். சில கிருமிக்கொல்லி மருந்துகள் இந்த மாத்திரையோடு சேரக்கூடாது. கர்ப்பமான பெண்களும், பால் கொடுக்கும் தாய்மார்களும் டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

சர்க்கரை அளவு சிலருக்குச் சற்று ஏறலாம். அதற்காக நீங்களே மருந்தை நிறுத்த வேண்டாம். மாரடைப்பைத் தடுக்கும் நன்மை அதைவிடப் பெரியது.

நிறுத்தலாமா?

“கொழுப்பு குறைந்துவிட்டதே, இனி எதற்கு மாத்திரை?” என்று பலர் கேட்பார்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் குறைந்தது. நிறுத்தினால் சில வாரங்களில் மறுபடி ஏறும். எண்ணெயைக் குறைப்பது, நடப்பது, புகையை விடுவது ஆகியவையும் தேவை. ஆனால் டாக்டர் மாத்திரை எழுதியிருந்தால் அதற்கு இவை மாற்றாகாது.

நினைவில் வையுங்கள்

• எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா மாத்திரை அட்டைகளையும், சீட்டுகளையும் கொண்டு போங்கள்.
• நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள்.
• அட்டையில் கம்பெனி வைத்த பெயர் இருக்கும். மருந்தின் பெயரும் அருகில் இருக்கும். “இது என்ன மருந்து?” என்று கேட்டு, அந்தப் பெயரை உங்கள் கையாலேயே தமிழில் எழுதி வையுங்கள்.

அந்தப் பெண் இப்போது ஒரு மாத்திரைதான் சாப்பிடுகிறார். ஊருக்குப் போகும்போது சேலைகளோடு மாத்திரை அட்டையும் பையில் போகிறது.