சுவரில் பூக்கும் பூஞ்சணமும் குழந்தையின் இரைப்பும்

ஐப்பசி மழை தொடங்கி மார்கழிப் பனி விலகும் வரை, ஜமுனாமரத்தூர், புதூர்நாடு பக்கங்களிலிருந்து இருமலோடும் இரைப்போடும் குழந்தைகளை அழைத்து வரும் பெற்றோரிடம் நாங்கள் தவறாது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: குழந்தை எந்தச் சுவரோரம் உறங்குகிறது? மருந்து பெற வந்தவர்களுக்கு இக்கேள்வி வியப்பளிப்பது இயல்பே. ஆயினும், "பின்சுவரோரம், அங்கே கறுப்பாகப் பூத்திருக்கிறது" என்னும் விடை எங்களுக்குப் புதிதன்று.

அக்கறுப்பு, பூஞ்சணம். ஓதம் ஏறிய சுவர், நனைந்த கூரை, உலராத பாய் எங்கும் அது வளரும். கண்ணுக்குப் புலனாகாத நுண்வித்துகளைக் காற்றில் பரப்பும். உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதிகக் காற்றைச் சுவாசிக்கின்றனர். அவர்தம் மூச்சுக்குழல்களோ குறுகியவை. ஒவ்வாமை உடைய குழந்தைக்கு அக்குழல்கள் மேலும் சுருங்கி இரைப்பு உண்டாகிறது. உறவினர் வீட்டில் தங்கும்போது குறையும் இருமல், வீடு திரும்பியதும் மீள்கிறதெனில் வீட்டையும் ஐயுற வேண்டும்.

ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுத்தொற்றும் மிகுவதாக உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. இவ்வளவு பூஞ்சணம் வரை தீங்கில்லை என்று அது எல்லை எதையும் வகுக்கவில்லை. ஈரத்தை நீக்குவதையே வலியுறுத்துகிறது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. வீட்டுப் பூஞ்சணத்தை நெடுநாள் சுவாசித்ததே காரணம் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி அறிவித்தார். அத்தகைய மரணம் அரிது. இரைப்பால் உறக்கமின்றிக் கழியும் இரவுகள் அரிதல்ல.

சாணமிட்டு மெழுகிய மண்சுவர் ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளிவிடும்; கான்கிரீட் சுவரோ குளிர்ந்து, மூச்சுக்காற்றின் ஈரத்தையும் உலைநீரின் ஆவியையும் தன்மேல் நீராகப் படியவைக்கும். குளிருக்கு அஞ்சிச் சன்னலை அடைத்துவைத்தால் அந்நீர் உலர வழியில்லை. அடுப்புப்புகை பூஞ்சணத்தை விரட்டும் என்று முதியோர் சொல்வதுண்டு. புகையின் வெப்பம் கூரையை உலர்த்துவது உண்மைதான். ஆனால் அதே புகை குழந்தையின் நுரையீரலைப் புண்படுத்துகிறது. இம்மருந்தை நாங்கள் ஏற்க இயலாது.

முதலில் நீர் புகும் வழியை அடையுங்கள்: கூரை விரிசல், சுவரோரம் தேங்கும் மழைநீர், கசியும் குழாய். நனைந்ததை 2 நாள்களுக்குள் உலர்த்திவிட்டால் பூஞ்சணம் பெரும்பாலும் வேரூன்றாது. கறுப்பின்மேல் பெயிண்ட் அடிப்பது வீண்செலவு. குழந்தையை வெளியே அனுப்பிவிட்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, சுவரை நனைத்தபின் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவுங்கள். உலர்வாகச் சுரண்டினால் வித்துகள் வீடெங்கும் பறக்கும். பிளீச்சிங் கரைசலோடு ஆசிடைக் கலக்கவே கூடாது, நச்சுவாயு எழும். நன்கு உலர்ந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது நல்ல பழைய வழக்கம். பூஞ்சணம் ஏறிய பஞ்சுத் தலையணையைக் காப்பாற்ற முயலாதீர்கள். பாயைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி விரியுங்கள். சாமை மூட்டையையும் அவ்வாறே தள்ளி, பலகைமேல் வையுங்கள்.

பூஞ்சணம் பிடித்த தானியத்தைக் குழந்தைக்குச் சமைத்துக் கொடுக்காதீர்கள். 1974இல் குஜராத், ராஜஸ்தான் எல்லைப்புறச் சிற்றூர்களில் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டோருள் 106 பேர் கல்லீரல் பாதிப்பால் இறந்தனர். அந்நஞ்சு கொதியில் முற்றிலும் அழிவதில்லை.

எல்லா இருமலுக்கும் பூஞ்சணமே காரணமன்று. 2 வாரம் கடந்த இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை தேவை. குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ விடியும் வரை காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

அடுத்த முறை வரும்போது, குழந்தை படுக்கும் இடத்துச் சுவரைக் கைபேசியில் படமெடுத்து வாருங்கள். மருந்துச்சீட்டு எழுதுமுன் அதையும் பார்க்க விரும்புகிறோம்.