கிதார் வந்த வீடு

சென்ற ஆண்டு விநாயக சதுர்த்தி விழா முடிந்து நான்கு நாள் கழிந்த ஒரு மாலைப்பொழுது. பயணச்சீட்டுச் சாளரத்தில் பகல் முறையை முடித்துக்கொண்டு, ஹார்பர் லைன் வண்டியில் மான்குர்த் வந்து இறங்கினோம். லல்லுபாய் காம்பவுண்டில் எம் தமையனார் குடியிருக்கும் கட்டடத்தின் வாயிலிலேயே அண்ணியார் எதிர்ப்பட்டார். "தம்பி, உள்ளே வந்து உங்கள் அருமைப் பிள்ளை செய்திருக்கும் காரியத்தைப் பாருங்கள்" என்றார். குரலில் அழுகை இருந்தது. யாது நேர்ந்ததோ என்று அஞ்சியவாறே உள்ளே நுழைந்தோம். கட்டிலின்மேல் பழைய மின்கிதார் ஒன்று கிடந்தது. அருகே ஓர் ஒலிபெருக்கிப் பெட்டி. பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் தமையனார் மகன் சுவரோடு சுவராக நின்றிருந்தான்.

அவ்வீட்டின் பரப்பு 225 சதுர அடி. மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்தின் பொருட்டு, இருப்புப்பாதை ஓரத்துக் குடிசைகளினின்றும் அகற்றப்பட்ட குடும்பங்களுக்கு அளிக்கப்பட்ட அளவு அது. வண்டிகள் தடையின்றி ஓடவேண்டுமென்று அவர்களை எழுப்பியது எமக்குச் சோறிடும் இருப்புப்பாதையே என்பதை எண்ணும்போதெல்லாம் எமக்குச் சற்றே நாணம் உண்டாவதுண்டு. ஐவர் உறங்கும் அவ்வறையில் கிதாருக்கு இடம் ஏது?

"எட்டாயிரம் ரூபாய்! பரீட்சைக்கு ஐந்து மாதம் இல்லை. வெள்ளைக்காரன் கூச்சலுக்கு எட்டாயிரம்!" என்று தமையனார் குமுறினார்.

"அப்பா பணம் அன்று, சித்தப்பா. இரண்டு ஆண்டாகப் பெஞ்சோ பார்ட்டியில் வாசித்துச் சேர்த்தது" என்றான் பையன்.

பெஞ்சோ பார்ட்டியை இந்நகரில் அறியாதார் இலர். கணபதி ஊர்வலத்திலும் நவராத்திரியிலும் வண்டியின்மேல் ஒலிபெருக்கிகளை அடுக்கி, தெருவே அதிர முழக்கிச் செல்லும் குழுக்கள் அவை. ஆனால், அப்பெஞ்சோவின் வரலாற்றை அறிந்தோர் சிலரே. அமெரிக்க நாட்டுப் பாஞ்சோவுக்கும் இதற்கும் பெயரளவில்தான் உறவு. ஜப்பானிலுள்ள நகோயா நகரில் 1912-ஆம் ஆண்டில் கோரோ மொரிதா என்பார் 'தைஷோகோத்தோ' என்றொரு கருவியை அமைத்தார். தட்டச்சுப் பொறியில் இருப்பனபோன்ற விசைகளை ஒரு கையால் அழுத்தி, மறு கையால் தந்தியை மீட்டவேண்டும். அக்கருவி நம் நாட்டுக்கு வந்து 'புல்புல் தரங்' ஆயிற்று. மும்பைச் சேரி இளைஞர் அதில் மின்னொலி வாங்கியைப் பொருத்தி, ஒலிபெருக்கியோடு இணைத்து, தந்தியின் குரலை முறுக்கேற்றி அலறவைத்தனர். ராக் இசையில் கிதார் செய்யும் வேலையும் ஏறத்தாழ இதுவே. இவ்வுண்மையை எம் தமையனாரிடம் எடுத்துரைத்தபோது, "சாமிக்கு வாசிப்பது வேறு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அவர் சொல்வதிலும் ஒரு பொருள் உண்டு. சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் கருதுகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்குமேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. எனினும் சமய, பண்பாட்டு விழாக்களுக்கென ஆண்டில் 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவுவரை விலக்களிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு.

ராக் இசைக்கு அவ்விலக்கால் பயன் விளையவில்லை. தோபி தலாவில் ரங் பவன் என்னும் திறந்தவெளி அரங்கு ஒன்றுண்டு. 1986-இல் தொடங்கிய 'இண்டிபெண்டன்ஸ் ராக்' விழா அங்கேதான் பேர்பெற்றது. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ 100 மீட்டர் அமைதி மண்டலம் என்ற விதி வந்தபின், இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவ்வரங்கில் ராக் ஓய்ந்தது. பெண்டகிராம் முதலிய மும்பைக் குழுக்கள் புகழோங்கியிருந்த காலம் அது. ஆயினும், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவ்வுலகம் எட்டாததாகவே இருந்தது. பாட்டு ஆங்கிலத்தில்; கருவியின் விலையோ மாதச் சம்பளம். நமக்கோ இசையென்றால் ஒருபுறம் சினிமா, மறுபுறம் மாதுங்காவின் சண்முகானந்தா சபை. அச்சபையிலும் நம்மில் எத்துணைப் பேர் சீட்டு வாங்கி அமர்ந்திருக்கிறோம் என்பதை அவரவர் நெஞ்சையே கேட்டுக்கொள்ளலாம்.

தாய்மொழியில் பாடத் துணிந்தவர்கள்தாம் அக்கதவைத் திறந்தவர்கள். கேரளத்தில் 2003-இல் தோன்றிய 'அவியல்' குழுவினர் மலையாளத்திலேயே ராக் பாடி, 2008-இல் இசைத்தொகுப்பு வெளியிட்டனர். செம்பூரில் எம்முடன் பணிபுரியும் மலையாள நண்பர் அதனைத் தம் கைப்பேசியில் இட்டு எம்மைக் கேட்கச்செய்தபோது, உண்மையாகவே எமக்குப் பொறாமை உண்டாயிற்று. தமிழிலும் அதற்கு முன்பே முயற்சி நடந்திருக்கிறது. மலேசியத் தமிழரான யோகி பி, தம் 'நட்சத்திரா' குழுவினருடன் 2006-இல் வெளியிட்ட 'வல்லவன்' என்னும் தொகுப்பு, ராப் என்னும் பேச்சிசையைத் தமிழில் நிலைநிறுத்தியது. ராப் பாடக் கிதாரும் வேண்டா, டிரம்ஸும் வேண்டா; நாவும் தாளமும் போதும். ஆதலால்தான் அது தாராவிச் சந்துகளில் அவ்வளவு விரைவில் வேரூன்றியது போலும்.

2018-ஆம் ஆண்டில் இரண்டு செய்திகள் நிகழ்ந்தன. ஜனவரி 6-ஆம் நாள் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு முதன்முதல் மேடையேறிற்று. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்த்த குழு அது. கானாவும் பறையும் சட்டியும், கிதாரும் டிரம்ஸும் ஒரே மேடையில் நின்றன. சாதி பேதமற்றவர் என்று அயோத்திதாசப் பண்டிதர் ஆண்ட சொல்லே அப்பெயருக்கு மூலம். அக்குழுவின் கானாப் பாடகி இசைவாணியை 2020-இல் பி.பி.சி. உலகின் 100 பெண்டிர் வரிசையில் சேர்த்தது. மற்றொன்று, ஜூன் 7-இல் வெளியான 'காலா' திரைப்படம். அதில் சந்தோஷ் நாராயணன் இசையில் தாராவியின் 'டோபடெலிக்ஸ்' குழுவினர் பாடினர். இந்தி, மராத்தி, தமிழ் மூன்றையும் கலந்து பாடும் நம் பிள்ளைகள் அவர்கள். அக்குழுவின் பெயர்ப்பொருளை ஆராயப் புகுந்தால் பெற்றோர் முகம் சுளிப்பர், யாமும் சுளித்தோம். ஆயினும், அவர்கள் தமிழ் தாராவித் தமிழ். நம் வீட்டு முற்றத்தில் ஒலிக்கும் தமிழ். திரைப்படத்தில் அதைக் கேட்டபோது உடல் சிலிர்த்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

நிற்க. எம் வீட்டுக் கிதாரின் கதைக்கு வருவோம்.

பையனும் அவன் தோழர் மூவரும் பழகுவதற்கு இடம் தேடி அலைந்தோம். மொட்டைமாடி பூட்டியிருந்தது. அண்டையிலுள்ள ஓர் அமைப்பினரின் கூடத்தை ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் தருமாறு வேண்டினோம். திருமண நிச்சயத்துக்கும் பஜனைக்கும் திறக்கும் அக்கூடம் இதற்குத் திறக்கவில்லை. "பிள்ளைகள் கெட்டுப்போக நாங்கள் துணை நிற்பதா?" என்றார் ஒரு பெரியவர். அவர் பெயர் ஈண்டு வேண்டா. இறுதியில் தமையனார், தேர்வுவரை ஒலிபெருக்கிப் பெட்டி தம் கட்டிலின் அடியிலேயே இருக்கவேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு, கிதாரை விற்கும் எண்ணத்தைக் கைவிட்டார். பெட்டியின்றி மின்கிதார் கொசுவின் குரலில் பாடும். 225 சதுர அடிக்கு அது போதுமானதே.

கார்த்திகைத் திங்களில் ஓர் இரவு பையன் ஒரு தாளோடு எம்மிடம் வந்தான். தமிழ்ப் பாட்டு ஒன்று எழுதியிருப்பதாகவும், தோழன் அதனைத் தவறாகப் பாடுகிறான் என்றும் கூறினான். தாளை வாங்கிப் பார்த்தோம். சொற்கள் தமிழ்; எழுத்தோ தேவநாகரி! இந்தி வழியில் பயின்ற பிள்ளை. தமிழ் பேசுவான், எழுத்தறியான். இந்தி எழுத்தில் குறில் எகர ஒகரங்கள் இல்லை. மழைநாளில் வீட்டுக்குள் கொடி கட்டித் துணி உலர்த்தும் தாயைப்பற்றி அவன் எழுதியிருந்தான். தோழன் கொடியைக் 'கோடி' என்று படித்து, எம் அண்ணியாரின் வீட்டில் கோடி கோடியாய்த் தொங்கவிட்டுவிட்டான். அண்ணியார் அதைக் கேட்டு, அந்தக் கிதார் வந்த நாள்தொட்டு முதன்முறையாகச் சிரித்தார்.

"சித்தப்பா, இதைத் தமிழில் எப்படி எழுதுவது?" என்று கேட்டான்.

அன்றிரவே ககரத்தில் தொடங்கினோம். பெஞ்சோ பார்ட்டியில் வாசிக்கும் இரண்டாம் தோழனும் மறுவாரம் வந்து சேர்ந்தான். அவன் மராத்தியன், எனினும் பாடுவதற்கு வேண்டுமாம். இரவு முறை இல்லாத நாள்களில் எட்டு மணிக்குமேல் எம் வீட்டில் கூடுகின்றனர். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இப்போது பிழையின்றி வருகின்றன. மூன்று னகரங்களில்தான் பையன் இன்னும் தடுமாறுகிறான். ஞாயிறு காலைக்குக் கூடம் தர இசைவோர் எவரேனும் இருப்பின் எமக்கு எழுதலாம். பெட்டியைக் கட்டிலின் அடியிலிருந்து எடுக்கத் தமையனாரிடம் யாமே பேசுகிறோம்.