உப்புக் கிணறும் சர்க்கரை உருண்டையும்

சமீபத்தில் மீஞ்சூரில் ஒரு நண்பர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். கடல் நீர் நிலத்துக்குள் புகுந்து அந்தப் பிரதேசத்துக் கிணறுகளை உப்பாக்கிய கதை நேயர்கள் அறிந்ததே. அருகே காட்டுப்பள்ளியில் கடல் நீரிலிருந்து தினம் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தயாரிக்கும் திறனுள்ள ஆலை 2010-இல் திறக்கப்பட்டதும் அவ்வூர்க்காரர் பெருமையுடன் சொல்லும் விஷயம்.

பேச்சினிடையே நண்பரின் மருமகள் ஒரு சிறு குப்பியைக் கொண்டுவந்தாள். "குழந்தையின் ஜலதோஷத்துக்கு வாங்கிய ஹோமியோபதி மருந்து, மாமா. நாட்ரம் மூர், முப்பது. வெறும் உப்புத்தானாமே! இது எப்படி வேலை செய்யும்?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. ஒரு பங்கு உப்பை 99 பங்கு திரவத்தில் கலந்து குலுக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடியும் அவ்வாறே செய்ய வேண்டும். இப்படி முப்பது தடவை. 58 கிராம் உப்பில் தொடங்கினாலும், பதின்மூன்றாவது தடவையில் ஒரு துகள் மிஞ்சுவதே சந்தேகம். அதற்குமேல் இன்னும் பதினேழு தடவை!

இந்தச் சங்கடத்தைத் தீர்க்க ரஸாயன விளக்கங்கள் சில எழுந்தன. தண்ணீருக்கு ஞாபகம் உண்டு என்றார் பிரெஞ்சு விஞ்ஞானி பென்வெனிஸ்த், 1988-இல். அதை வெளியிட்ட 'நேச்சர்' பத்திரிகையின் ஆசிரியரே நேரில் சென்று கண்காணித்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. நீரின் கூறுகள் கைகோத்து நிற்பதும், ஒரு விநாடியை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஓரிரு பங்கு நேரமே.

2010-இல் பம்பாய் ஐ.ஐ.டி.யினர் வேறொன்று கண்டனர். தங்கம், செம்பு முதலிய உலோக மருந்துகளில், இருநூறாவது தடவையிலும் நுண்துகள்கள் இருந்தனவாம். குலுக்கும்போது எழும் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு அவை மேலே மிதந்து, அடுத்த குப்பிக்கும் போய்விடுகின்றன என்பது அவர்கள் ஊகம். ஆனால் உப்பு நீரில் கரைந்துவிடுமே! மேலும், ஆறாவது தடவைக்கும் இருநூறாவதுக்கும் துகள் அளவில் அதிக வித்தியாசமில்லையென்றால், கரைக்கக் கரைக்க வீரியம் ஏறும் என்ற சித்தாந்தம் என்னாவது? துகள் இருப்பது வேறு, நோய் தீர்வது வேறு. 2015-இல் ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலனளிப்பதாக நம்பத்தகுந்த ஆதாரமில்லை என்று முடிவு கூறியது.

"தானே போகும் ஜலதோஷத்துக்கு இதனால் நஷ்டமில்லை, அம்மா. காய்ச்சல் ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ, உருண்டையை நம்பிக் காத்திராமல் உடனே டாக்டரிடம் போ" என்றோம்.

ஆங்கில வைத்தியத்தில் எம்.டி. பட்டம் பெற்று ஹோமியோபதியைத் தழுவிய மகேந்திரலால் சர்க்கார்தான், 1876-இல் கல்கத்தாவில் விஞ்ஞான சங்கத்தை நிறுவினார். நமது ராமன் 1928-இல் உலகப் புகழ் பெற்ற கண்டுபிடிப்பைச் செய்தது அங்கேதான். நம்பிக்கை எதுவானாலும் அதைச் சோதித்துப் பார்க்க நாட்டுக்கு ஓர் இடம் தந்த அப்பெரியாரின் வழி, நம் வீட்டு மருந்தலமாரிக்கும் பொருந்தும்.