கூரைமேல் கதிரவன்: குடும்பத்திற்குக் கட்டுப்படியாகுமா?

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து நாம் அறைவீட்டிற்குத் திரும்பியபோது, பங்கைச் சேர்ந்த ஒரு தாய் வராந்தாவில் காத்திருந்தார். கணவரை இழந்தபின் தையல் தொழில் செய்து இரு பிள்ளைகளைப் படிக்க வைப்பவர் அவர். அவர் கையில் வண்ண விளம்பரத் தாள் ஒன்றும் மின் அட்டையும் இருந்தன. "சாமி, வீட்டுமேலே சூரியத் தகடு போட்டால் கரண்டுக்குக் காசே கட்ட வேண்டாமாம். அரசாங்கமே 78,000 ரூபாய் தருகிறதாம். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து, மீதிக்குக் கடன் வாங்கலாம் என்றிருக்கிறேன். செய்யலாம்தானே?" என்று கேட்டார்.

உடனே விடை சொல்ல நமக்கு இயலவில்லை. குருமடத்தில் நாம் மெய்யியலும் இறையியலும் கற்றோமேயன்றிக் கிலோவாட் கணக்குக் கற்றோமில்லை. "அட்டையை வைத்துவிட்டுப் போங்கள் அம்மா, புதன்கிழமை வாருங்கள்" என்று அனுப்பி வைத்தோம். அவருக்காகப் போட்ட கணக்கு மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே எழுதுகிறோம்.

விளம்பரத் தாளில் கண்டது பொய்யன்று. நடுவண் அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய வீட்டுக்கூரைச் சூரிய மின் திட்டத்தில், 1 கிலோவாட் அமைப்புக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் எனில் 78,000 ரூபாயும் மானியமாக அறிவிக்கப்பட்டன. ஒரு கோடி வீடுகளுக்கு என்பது இலக்கு. ஆனால் தாளில் சிறிய எழுத்திலும் காணப்படாத செய்தி ஒன்று உண்டு. முழு விலைக்கும் வீட்டுக்காரரே முதலில் வழி செய்தாக வேண்டும். தகடுகளைப் பொருத்தி, மின்வாரியத்தார் பார்வையிட்டு, இணைப்பு நடந்த பின்னரே மானியம் வங்கிக் கணக்கிற்கு வந்து சேரும். அதுவும் உள்நாட்டில் செய்த தகடுகளுக்கே உண்டு.

இனி அத்தாயின் கணக்கைப் பார்ப்போம். தையல் இயந்திர மோட்டார், சிறு குளிர்பெட்டி, இரண்டு மின்விசிறிகள் எல்லாம் சேர்ந்து இரு மாதத்திற்கு ஏறக்குறைய 300 யூனிட் செலவாகிறது. தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. அடுத்துள்ள யூனிட்டுகளுக்கும் அரசு ஒரு பங்கை ஏற்றது. ஆகவே 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பின்னும் 300 யூனிட்டுக்குச் சுமார் 700 ரூபாய்தான் வரும். ஆண்டுக்கு 4,200 ரூபாய். தகடு போட்டு அவர் மிச்சப்படுத்தக்கூடிய உச்சத் தொகை இதுவே. எத்தனை பெரிய அமைப்பைப் போட்டாலும் இல்லாத கட்டணத்தைக் குறைக்க முடியாதன்றோ?

விற்பனையாளர் அவருக்குச் சொன்னதோ 3 கிலோவாட். விலை 1,90,000 ரூபாய். மானியம் போக 1,12,000. இத்திட்டத்திற்கென வங்கிகள் ஈடின்றித் தரும் கடனுக்கு 2024-இல் வட்டி 7 சதவீதமளவில் இருந்தது. அவ்வட்டியிலேயே முழுத் தொகையும் கிடைத்தாலும், ஆண்டு வட்டி மட்டும் 7,840 ரூபாய். மிச்சமாவது 4,200, வட்டியோ 7,840. அசல் அப்படியே நிற்கும். சங்கிலியை அடகுக் கடையில் மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு வைத்தால் என்ன ஆகும் என்று எழுதவே நமக்கு மனம் வரவில்லை. இத்தனைக்கும் மின் இணைப்பு இன்னும் அவருடைய மறைந்த கணவர் பெயரிலேயே இருக்கிறது. பெயர் மாற்றம் செய்யாமல் மானியம் கேட்கப் போனால் அலைச்சல்தான்.

அப்படியானால் இத்திட்டமே வீணா? அன்று. அதே வாரம் பணிநிறைவு பெற்ற ஆசிரியர் ஒருவரும் இதே கேள்வியோடு வந்தார். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் வாழும் இல்லம், குளிர்சாதனம் இரண்டு. இரு மாதச் செலவு 800 யூனிட். இங்கே கணக்கு முற்றிலும் மாறுகிறது. 500 யூனிட்டைத் தாண்டியவருக்குச் சலுகை குறைந்து, விகிதம் படிப்படியாக ஏறிவிடும். 500 யூனிட்டுக்கு 1,800 ரூபாயளவில் வரும் கட்டணம், 600-க்கு 2,900 ஆகிறது; 800-க்கு 4,800-ஐ நெருங்குகிறது.

ஒரு கிலோவாட் தகடு, மழைநாளையும் வெயில்நாளையும் சேர்த்துப் பார்த்தால், நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும். 2 கிலோவாட் போட்டால் இரு மாதத்தில் 480 யூனிட். இருவழி மீட்டரில் அது கழிந்து 320 யூனிட்டுக்கு மட்டும் கட்டணம் வரும். அது 800 ரூபாயளவே. (மின்வாரியம் இணைப்புக்கென விதிக்கும் சிறு கட்டணங்களை நாம் சேர்க்கவில்லை.) ஆண்டுக்கு 24,000 ரூபாய் மிச்சம். அவரிடம் சொன்ன விலை 1,30,000. மானியம் போக 70,000. மூன்றாண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும். தகடுகளுக்கோ 25 ஆண்டு உறுதி தருகிறார்கள். இன்வெர்ட்டரை மட்டும் இடையில் ஒருமுறை மாற்ற நேரலாம்.

ஆசிரியரையும் 3 கிலோவாட் போடச் சொல்லியிருந்தார்கள். அந்த மூன்றாவது கிலோவாட்டுக்கு மானியம் போக 42,000 ரூபாய் கூடுதல். அது மிச்சப்படுத்துவதோ எஞ்சிய அந்த 800 ரூபாயை மட்டுமே, அதாவது ஆண்டுக்கு 4,800. திரும்பி வர ஒன்பது ஆண்டுகளாகும். முதல் இரண்டு கிலோவாட் விலை உயர்ந்த யூனிட்டுகளை வெட்டுகின்றன. மூன்றாவது மலிவான யூனிட்டுகளையே வெட்டுகிறது. இதை விற்பவர் எவரும் எடுத்துச் சொல்வதாகத் தெரியவில்லை.

"திருத்தந்தை மாளிகையிலேயே போட்டிருக்கிறார்களாமே, சாமி?" என்று ஆசிரியர் கேட்டார். மாளிகையில் அன்று, 2008-இல் வத்திக்கானின் ஆறாம் பவுல் அரங்கக் கூரையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகள் பொருத்தப்பட்டன. ஆனால் அவை ஒரு ஜெர்மானிய நிறுவனம் நன்கொடையாக அளித்தவை. நம் ஆசிரியருக்கு அப்படி அளிப்பார் எவருமில்லை. அவர் தம் சேமிப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம். மின்வாரியக் கம்பியோடு இணைந்த இவ்வகை அமைப்பு, மின்தடையின்போது தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் தொழிலாளிக்கு நம் வீட்டு மின்சாரம் பாய்ந்து ஆபத்து நேராதிருக்கவே இந்த ஏற்பாடு. தடை நேரத்திலும் விளக்கெரிய வேண்டுமென்றால் மின்கலம் வேண்டும். அதன் செலவு தனி. தகடுகள் மீது தென்னை நிழல் விழுந்தால் மேற்கண்ட கணக்கெல்லாம் குறையும். கிலோவாட்டுக்கு நூறு சதுர அடியாவது வெயில்படும் தளம் தேவை.

கட்டண விகிதமும் விலையும் மாறக்கூடியவை. ஆதலால் நம் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஓராண்டின் ஆறு கட்டணத் தொகைகளை ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். விற்பவர் சொல்லும் விலையில் மானியத்தைக் கழித்து, வருவதை அதன் பக்கத்தில் எழுதுங்கள். கடன் வாங்குவதாயின் அதன் ஆண்டு வட்டியை மூன்றாவதாக எழுதுங்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை போதும் இதற்கு.

ஆசிரியர் 2 கிலோவாட்டே போட்டார். அத்தாய் புதன்கிழமை வந்து, நாம் எழுதி வைத்த தாளை இருமுறை படித்தார். பிறகு, பெயர் மாற்றத்திற்கு எங்கே மனுக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு சென்றார். அடுத்த வாரம் விற்பனையாளர் மறுபடியும் வந்தபோது அத்தாளை அவரிடம் நீட்டி, "இதில் எது தப்பு என்று சொல்லுங்கள்" என்றாராம். வீட்டில் கேட்டு வருவதாகச் சொல்லிப் போனவர் இன்னும் வரவில்லை.