பெயரும் எண்ணும்: மின்னணு உறுப்புகளின் சுங்க வகைப்பாடும் வரிவிலக்கும்

சுங்கத்துறை ஒரு பொருளுக்கு வரி விதிக்கும் முன் அப்பொருளுக்குரிய பெயரை முடிவு செய்கிறது. பெயருக்கு ஓர் எண் உண்டு. வரி விகிதம் அந்த எண்ணுக்கு எதிரில் எழுதப்பட்டிருக்கும். ஆகவே, வரிவிலக்குப் பற்றிய வழக்குகளிற் பல, உண்மையில் பெயரிடுதல் பற்றிய வழக்குகளே. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவை ஆராய்வோர்க்கு இஃது அயலான துறை அன்று. இந்தியா இறக்குமதி செய்யும் கைப்பேசிகளையும் அவற்றின் உறுப்புகளையும் சான்றாகக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறோம்.

1988 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஒத்திசைவு முறை, உலக வாணிகப் பொருள்களை ஆறிலக்க எண்களால் வகைப்படுத்துகிறது. மின்சாதனங்கள் 85 ஆம் அதிகாரத்தில் அடங்கும். ஒரு கைப்பேசிக்கென வரவழைக்கப்படும் பொருள்கள் அனைத்தும் கைப்பேசியின் உறுப்புகள் என்றே நாம் கருதுவோம். சுங்க முறை அவ்வாறு கருதுவதில்லை. தனக்கெனத் தலைப்புடைய பொருள், எந்தக் கருவியில் பொருத்தப்பட இருப்பினும், தன் தலைப்பிலேயே நிற்கும். மின்னூட்டி 8504 இலும், மின்கலம் 8507 இலும், ஒருங்கிணைந்த மின்சுற்று 8542 இலும் அடங்குவது இதனாலேயே. தனித்தலைப்பு இல்லாததும், கைப்பேசிக்கென்றே முழுமையாகவோ முதன்மையாகவோ அமைந்ததும் ஆகிய பொருளே கைப்பேசிக்குரிய 8517 இல் 'உறுப்பு' என்று இடம்பெறும். சில்லுகள் பொருத்தப்பட்ட கைப்பேசி மின்சுற்றுப் பலகை அத்தகையது. அதன்மீது இந்தியா 2018 ஏப்ரலில் 10 விழுக்காடு வரி விதித்தது.

இனி விலக்கிற்கு வருவோம். 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் கூடிய உலக வணிக அமைப்பின் அமைச்சர் மாநாட்டில் தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கு வரி நீக்கும் உடன்பாடு உருவாயிற்று. இந்தியா 1997 இல் அதில் இணைந்தது. அந்நாளில் கைப்பேசி 8525 என்னும் தலைப்பின்கீழ், ஏற்புக் கருவி இணைந்த அலைபரப்புக் கருவியாக எண்ணப்பட்டது. 2007 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது 8517 க்கு மாறியது. நாடுகள் தம் வாக்குறுதிப் பட்டியல்களைப் புதிய எண்களுக்கு மாற்றி எழுத வேண்டியதாயிற்று. சிக்கல் பிறந்த இடம் இதுவே.

2017 ஜூலையில் கைப்பேசிக்கு 10 விழுக்காடு வரி விதித்த இந்தியா, 2018 பிப்ரவரிக்குள் அதனை 20 விழுக்காடாக்கியது. ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் சீனத் தைப்பேயும் வழக்குத் தொடுத்தன. 1996 ஆம் ஆண்டு உடன்பாட்டில் இல்லாத பொருள்களுக்குத் தான் கட்டுப்பட்டதில்லை என்றும், எண்களை மாற்றி எழுதியபோது பிழை நேர்ந்தது என்றும் இந்தியா வாதிட்டது. 2023 ஏப்ரலில் நடுவர் குழு இரண்டையும் ஏற்கவில்லை. கடப்பாடு உடன்பாட்டிலன்று, இந்தியாவின் சொந்தப் பட்டியலில் உள்ளது என்பது அக்குழுவின் கருத்து. இந்தியா மேல்முறையீடு செய்தது; ஆனால் மேல்முறையீட்டு அமைப்போ 2019 டிசம்பரிலிருந்தே செயலிழந்து கிடந்தது. பட்டியலில் ஓர் எண் இடம் மாறியதன் விளைவு இவ்வளவு என்பது எமக்கு வியப்பளிக்கவே செய்கிறது.

உள்நாட்டு நீதிமன்றத்தில் நிலை வேறு. 2018 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, இறால் தீவனம் எனக் கூறி விலக்குக் கோரப்பட்ட வைட்டமின் தூள் பற்றிய வழக்கில், விலக்கு அறிவிப்பில் ஐயம் எழுமாயின் பயன் அரசுக்கே என்று தீர்ப்பளித்தது. ஆயின், வரி விதிக்கும் பிரிவில் ஐயம் எழுமாயின் பயன் வரி செலுத்துவோருக்கே. ஐயம் ஒன்றே, அது 'இப்பொருள் எந்தத் தலைப்பினது?' என்ற வினாவில் எழுகிறதா, 'இவ்விலக்கு இதற்கு உண்டா?' என்ற வினாவில் எழுகிறதா என்பதைப் பொறுத்து மெய்ப்பிக்கும் சுமை இடம் மாறுகிறது. முன்னதில் அது துறையினர் மேல். பின்னதில் இறக்குமதியாளர் மேல். சரக்கு துறைமுகத்தை அடையுமுன்பே முன்தீர்ப்புக் கோர இந்தியச் சுங்கச் சட்டம் வழி வைத்துள்ளது. ஐயமுள்ள உறுப்புகளை வரவழைப்போர் அதனை நாடுவதே தக்கது.