விருதுநகர் அளித்த தீர்ப்பு

1967-ஆம் வருஷத்துச் சென்னை ராஜ்ய சட்டசபைத் தேர்தலில் விருதுநகர் வோட்டர்கள் நன்றி கொன்றார்கள் என்று கூறுவோர் இன்றும் உளர். அக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

ஸ்ரீ காமராஜர் அவ்வூரிலேயே பிறந்தவர். 1954 முதல் 1963 வரை முதல் மந்திரியாயிருந்து ஏழைச் சிறுவர்க்குப் பள்ளியும் பகலுணவும் அளித்தவர். தேர்தல் சமயத்தில் அகில இந்தியக் காங்கிரஸின் தலைவர். எதிர்த்து நின்ற தி.மு.கழக அபேக்ஷகர் ஸ்ரீ பெ. சீனிவாசனோ, 1965 ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் முன்னின்ற இளைஞர். வித்தியாசம் 1,285 வோட்டுகளே!

சொந்த ஊரார் காமராஜரிடம் என்ன குற்றம் கண்டனர்? அவரிடம் கண்டதாக நாம் கருதவில்லை. அப்போது நாட்டில் அரிசித் தட்டுப்பாடு. தீப்பெட்டி ஒட்டியும் பட்டாசு சுற்றியும் அன்றாடக் கூலியில் அடுப்பேற்றும் சிவகாசி வட்டாரத்தாருக்கு அரிசி விலை எத்தகைய விஷயமென்று விளக்க வேண்டுமோ? மாணவர் கிளர்ச்சியை அடக்கிய விதமும் ஜனங்களின் மனத்தில் ஆறாத புண்ணாயிருந்தது. ராஜ்யம் முழுவதுமே காங்கிரஸ் மந்திரிசபையைக் கைவிட்டது. அதன் பெருந்தலைவருக்கு மட்டும் விலக்களிக்க விருதுநகர் கடமைப்பட்டதன்று. வோட்டு என்பது பட்ட கடனுக்கு வட்டியா என்ன?

இதை நம்மினும் நன்குணர்ந்தவர் காமராஜரே. தீர்ப்பை ஏற்றுக்கொண்டார், 1969 ஜனவரியில் நாகர்கோவில் உபதேர்தலில் மீண்டும் வோட்டர்கள் முன் சென்று நின்றார், வென்று பார்லிமெண்டுக்குச் சென்றார்.