அழாத பிள்ளையைக் கவனியுங்க!

நான் பிறந்தது நாகப்பட்டினம், வாழ்க்கைப்பட்டது வாழப்பாடி. 'நம்ம ஊர்ல கடலா இருக்கு, பயப்பட?' என்பார்கள் அக்கம்பக்கத்தில். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை ஏற்காட்டையும் ஊத்தங்கரையையும் ஒரு கை பார்த்ததும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை! வெள்ளம் வடிந்தால் வீடு, ஆடு, மாடு போனதைக் கணக்கெடுக்க ஆள் வரும். வயசுப் பிள்ளைகளின் மனசு பட்ட பாட்டை யார் கணக்கெடுப்பது? வீட்டில் இருக்கும் நாம்தானே!

2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்தபோது எனக்கு 14 வயசு. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் பலி. என் பெரியப்பாவும் அதில் போய்விட்டார். அவர் மகளுக்கும் என் வயசுதான். நான் தொட்டதுக்கெல்லாம் அழுவேன். ராத்திரி விளக்கை அணைக்க விடமாட்டேன். லாரி சத்தம் கேட்டாலே 'அலை வருது'ன்னு ஓடுவேன். ஆளாளுக்கு என்னைத் தேற்றினார்கள். அவளோ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தண்ணி பிடிப்பாள், சமைப்பாள், தம்பியைக் குளிப்பாட்டுவாள். 'பொறுப்பான பொண்ணு, தாங்கிக்கிட்டா' என்று ஊரே மெச்சியது.

ஆறு மாசத்தில் நான் தேறிவிட்டேன். அவளுக்கு அப்புறம்தான் ஆரம்பித்தது. தீராத தலைவலி, வயிற்றுவலி. படித்தது மனசில் நிற்காது. தம்பி மேல் எரிந்து எரிந்து விழுவாள். கடல் பக்கம் போகும் தெருவை விட்டுச் சுற்றிப் போவாள். காத்து கருப்பு என்று மந்திரித்துக்கூடப் பார்த்தார்கள்.

பெங்களூர் நிமான்ஸ் மனநல நிறுவனத்தார் அப்போது ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் பயிற்சி தந்தார்கள். அப்படிப் பயிற்சி பெற்ற எங்கள் டீச்சர் ஒருவர்தான் விஷயத்தைப் புரிந்துகொண்டார். எதையும் துருவிக் கேட்கவில்லை. தினமும் பக்கத்தில் உட்கார வைத்துப் படம் வரையச் சொன்னார். ஒருநாள் அவளே வாய் திறந்தாள்: 'அப்பா கையை நான்தான் விட்டுட்டேன் டீச்சர்.' 'கடலை இழுத்துப் பிடிக்க உன் கையால முடியுமா கண்ணு?' என்றார் டீச்சர். அன்றுதான் அவள் அழுதாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். இன்று இரண்டு பிள்ளைக்குத் தாய். இப்பவும் டிசம்பர் வந்தால் மட்டும் தூக்கம் கெடும்.

பிள்ளைகள் சுபாவம் பல விதம். ஒன்று கத்தும், ஒன்று எதிர்த்துப் பேசும், ஒன்று அடங்கிப் போகும். முதல் சில வாரம் பயமும் தூக்கமின்மையும் சகஜம். பெரும்பாலோர் தானாகவே தேறிவிடுவார்கள். 'மறந்துடு' என்று அதட்ட வேண்டாம். 'சொல்லு, சொல்லு' என்று குடையவும் வேண்டாம். சீக்கிரம் பள்ளிக்கு அனுப்புங்கள். டிவியில் அதே வெள்ளக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்க விடாதீர்கள். ஒரு மாசம் தாண்டியும் கெட்ட கனவு, திடுக்கிடல், 'என்னாலதான்' என்ற நினைப்பு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

சமர்த்து என்று பேர் வாங்கின பிள்ளையிடம் 'சாப்பிட்டியா கண்ணு?' என்பதோடு, 'ராத்திரி தூங்கினியா?' என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள், தோழிகளே!

– ஒரு வாசகி, வாழப்பாடி.